திருகாணித் தழும்பு

கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்காது. கடிகாரம் பழுது பார்ப்பவளுக்கு அது வசதி. அந்த மளிகைக்கடை அண்ணாச்சி என் கடை வாசலில் நின்று கத்திய அன்றும் நடுங்கவில்லை.

"எங்கப்பா வாட்ச்சுல மிஷினைக் களவாண்டுட்டா! நல்லதை எடுத்துட்டு எதையோ வச்சுத் தந்திருக்கா!"

பக்கத்து டீக்கடையில் துறைமுகத்து லாரி டிரைவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பதினாறு வருடம் இந்தத் தெருவில் தனியாக உட்கார்ந்து சம்பாதித்த பெயர். அரை நிமிடத்தில் களவாணி ஆகிவிட்டேன்.

நடந்தது இதுதான். போன மாதம் தன் அப்பாவின் பாக்கெட் கடிகாரத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தார். செய்து, ஓடவிட்டுக் கொடுத்தேன். அதை வாங்க சென்னையிலிருந்து வந்த ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார். மூடியில் ஒரு கம்பெனி முத்திரை, உள்ளே மிஷினில் வேறு கம்பெனி பெயர். இது மாற்றிப் போட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி நேரே என்னிடம் வந்து நின்றார்.

மாறியிருப்பது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால், வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன் அப்பாவுக்குத் தன் கையால் கொடுத்தது என்று அவர் அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போடுவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். என் தப்பு அது ஒன்றுதான். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"உள்ள வாங்க அண்ணாச்சி. உங்க கண்ணால பாத்துட்டு அப்புறம் கத்துங்க."

பின்மூடியைத் திறந்து லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். மிஷினைக் கடிகாரத்தின் வெளிக்கூட்டோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டு சின்னத் திருகாணிகள். அவற்றின் தலை கூட்டின் விளிம்பில் அழுந்திப் பிறை மாதிரித் தழும்பு விழும். இரண்டையும் கழற்றினேன். அடியில் இருந்த தழும்புகளில், நான் சுத்தம் செய்தும் போகாத துருக்கறை கறுத்துக் கிடந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு ஜோடித் தழும்பு. அவற்றின் மேல் திருகாணி எதுவும் இல்லை.

"தள்ளி இருக்கது முதல்ல இருந்த மிஷினோட தழும்பு. கறுத்துக் கிடக்கது இப்ப இருக்க மிஷினோடது. நம்ம ஊரு உப்புக்காத்தா இருந்தாலும், ஒரு மாசத்துல இம்புட்டுத் துரு ஏறுமா? கடையில இரும்புத் தராசு வச்சிருக்கீயல்லா, அது துருப்பிடிக்க எம்புட்டு நாளாச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

வெகுநேரம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அப்போ, அப்பா காலத்துலயே மாறிட்டோ?"

"இருக்கும். நின்னு போயிருக்கும், வேற மிஷினைப் போட்டு ஓட வச்சிருப்பாவ. அதுல ஒண்ணும் களவு இல்ல."

"சரி, தெரியாமப் பேசிட்டேன். மூடிக் குடுங்க."

எனக்கு அது போதவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னால் தெருவுக்கு எப்படிக் கேட்கும்?

"வாசல்ல நின்னுதான சத்தம் போட்டீய? அங்கனயே நின்னு சொல்லுங்க. அதுவரைக்கும் திருகாணி என் கையில இருக்கட்டும்."

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு வாசலுக்குப் போனார். டீக்கடைப் பக்கம் திரும்பி, "மிஷின் ஒண்ணும் மாறலப்பா, நான்தான் அவசரப்பட்டு..." என்று இழுத்தார்.

"மாறியிருக்கு!" என்றேன் உள்ளேயிருந்து. "மாத்துனது நான் இல்ல. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்கப்பா வாட்ச்சுல மிஷின் மாறித்தான் இருக்கு. இவுக மாத்தல."

அதற்குப் பிறகுதான் திருகாணியைப் போட்டு முடுக்கினேன்.