கடைக்காரர் மூக்குக்குக் கீழே ஒரு பெயர்

காதர் பாய் போய்விட்டார் என்று கைப்பேசி சொன்னபோது அண்ணனூர் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். அந்தக் கணமே பருத்திப்பட்டு ஏரி ஒரு முழம் வற்றியது. அவரை அறிந்த நீங்கள் இதை நம்புவீர்கள். மற்றவர்கள் போய் அளந்து பார்க்கட்டும்.

தான் வரைந்த ஓவியத்தை விற்பதில் பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. பூந்தமல்லி வீட்டு வாசலில் யார் வந்து விலை கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். "ஒரு வாரம் உன் ஊட்டு செவுத்துல மாட்டு. கழட்டும்போது யாரும் சண்டைக்கு வர்லன்னா, அது உன் படம் இல்ல, குட்த்துடு" என்பார். திரும்பி வந்த படங்களை என் ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் காட்டுப்பாக்கம் கடைக்காரர் வந்து சேர்ந்தார். சோபாவுக்குப் பொருத்தமான படம் விற்பவர். "பேர அழிச்சுக் குடு பாய். லோக்கல் ஆளுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?" என்றார். வீட்டில் மனைவி நூர்ஜஹானுக்கு அப்போது உடம்பு சரியில்லை; மருந்துக்குப் பணம் வேண்டியிருந்தது. பாய் தன் பெயரைத் தன் தூரிகையாலேயே மூடினார். "என் கையே என்ன நாக்கப் புடுங்கிக்கற மாரி கேட்டுச்சு மாமே" என்றார் அன்று மாலை.

பழி வாங்கல் மறுநாளே தொடங்கியது. கடைக்காரருக்குப் போன ஒவ்வொரு படத்திலும் ஓர் எருமை. ஒவ்வோர் எருமைக்கும் அவருடைய கத்தரித்த மீசை, மூக்கோரத்து மச்சம். அவரோ டேப் வைத்து நீள அகலம் பார்ப்பாரே தவிர, படத்தைப் பார்த்ததில்லை. "அவன் மூஞ்ச அவன் கையிலயே குட்த்தேன். அகலம் கரீட்டா கீதுன்னு தூக்கினு போறான்" என்று சொல்லிப் பாய் சிரித்த சிரிப்பில் போரூர் வரை ஓடுகள் சரிந்தன.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், டேப்போடு வந்து நின்றார் கடைக்காரர். "இருக்கறத மொத்தமா எடுத்துக்கிறேம்மா. பேர மட்டும் அழிச்சிடலாம்." நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். போனவருக்கு மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

"பாயோட வழக்கம் ஒண்ணு கீதுங்க" என்றேன், உலகத்து அப்பாவித்தனத்தையெல்லாம் முகத்தில் திரட்டி. "ஒரு வாரம் பேரோட கடை முகப்புல மாட்டுங்க. அப்பாலிக்கா மொத்தமும் பேசலாம்." ஏரியிலிருந்து எருமை எழுந்து வரும் பெரிய படத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். அளந்து பார்த்தார். முகப்புக் கண்ணாடிக்கு அச்சாகப் பொருந்தியது.

மறுநாளே காட்டுப்பாக்கம் முழுவதும் அந்தக் கண்ணாடி முன் நின்றது. "இன்னாண்ணே, ஏரில எறங்கி போட்டோ புட்ச்சிகினியா?" என்றாராம் பக்கத்து டீக்கடைக்காரர். முதன்முறையாகக் கடைக்காரர் ஒரு படத்தைப் பார்த்தார்.

ஆட்டோவில் படத்தைத் துணி போர்த்திக் கொண்டுவந்தவரை நூர்ஜஹான் வாசலிலேயே நிறுத்தினாள்.

"கழட்டும்போது யார்னா சண்ட போட்டாங்களாண்ணே?"

"இல்லம்மா."

"அப்ப எதுவும் உங்களுக்கு இல்ல. வெச்சிட்டுப் போங்க."

சிரிக்க வந்தவர்கள் பெயரைப் படித்திருந்தார்கள். இப்போது பூந்தமல்லி வாசலைத் தேடி வருகிறார்கள். ஒரு வார வழக்கப்படிதான் படம் தருகிறாள் நூர்ஜஹான்.

அந்த எருமை மட்டும் என் வீட்டுக் கூடத்தில். கடைக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பிக் கேட்கிறார். சும்மா ஒருமுறை கழற்றிப் பார்த்தேன். என் மனைவி கரண்டியோடு வந்து வழிமறித்தாள். ஆகவே, கடைக்காரரே, அது என் படம். உங்கள் மூக்குக்கு நேர் கீழே, தண்ணீரில், காதர் என்று எழுதியிருக்கிறது. தினமும் துடைத்து வைக்கிறேன்.