நாற்பத்திரண்டாம் நம்பர் டப்பா

சளி வாங்குவதுதான் அப்போது என் வேலை. இதை எழுதும்போதே எங்காவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாவதோடு நின்றவள் நான். மருந்தின் பெயரை மாற்றி எழுதி, அதை யாராவது நம்பித் தொலைத்தால் என்ன செய்வது என்று மருந்துப் பெயரே எழுதாமல் விடுகிறேன். வாரக்கணக்கில் இருமி, வீட்டில் யாருக்கும் கேட்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படுத்தவர்கள் உங்களில் இருந்தால், அவர்களுக்கு மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் காசநோய் ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புதிய மருந்து. எது நன்றாகக் கேட்கிறது என்று பார்ப்பார்கள். சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். மாதாமாதம் அவர்களிடம் சளி வாங்கி, டப்பாவில் நம்பர் ஒட்டி லேபில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணிவர வேண்டும்.

எச்சில் வேறு, சளி வேறு

டப்பாவைக் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுப்பார்கள். எச்சிலை லேபில் வாங்க மாட்டார்கள், திட்டு எனக்குத்தான் விழும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் திறந்தவெளியில் நிறுத்தி, மூச்சை எப்படி இழுப்பது, நெஞ்சின் அடியிலிருந்து எப்படி இருமுவது என்று நானே இருமிக் காட்டுவேன்.

நாற்பத்திரண்டாம் நம்பர் கன்னியப்பன். மேனாம்பேட்டுக்காரர், அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டுகிறவர். நான் மூன்று தடவை இருமிக் காட்டியதும் டப்பாவை என் பக்கமே நீட்டினார். "இன்னாக்கா, நீயே சோக்கா இருமுற. உன்னுதையே புடிச்சிக்கினு போயேன்!"

மெழுகுவத்திக்காரி

ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று வாசலில் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சியிருந்தாள். மெழுகுவத்தி விற்கிறவள் என்று சொல்லிக்கொண்டு போனேன். எதிர்வீட்டம்மா இரண்டு பாக்கெட் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் நிஜமாகவே பையில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டுதான் போவது.

ஒருமுறை எண்ணியபோது பதினொரு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. மாமியார் வந்து தங்கிய பதினொரு நாள். நோய் திரும்பினால் உயிருக்கே ஆபத்து என்று சத்தம் போட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்: "செத்தா ஒரு தடவைதான்க்கா. அவுங்களுக்குத் தெரிஞ்சா, எம் பிள்ளைய எங்கிட்ட அண்டவே விடமாட்டாங்க."

நாலாவது வாரம்

மூன்று வாரமாக இருமல் உண்டா என்று ஊரையெல்லாம் கேட்டவள், என் இருமல் நாலாவது வாரத்துக்கு வந்தபோது யாரிடமும் மூச்சுவிடவில்லை. என் மகளுக்குத் திருமுல்லைவாயிலில் இடம் பேசித் தாம்பூலம் மாற்றியிருந்த சமயம். அம்மாவுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்?

அன்றைக்குக் கன்னியப்பனுக்குக் கடைசி மாதச் சோதனை. ஆளுக்கு உடம்பு தேறிவிட்டது, எவ்வளவு இருமியும் சளி வரவில்லை. கொஞ்சம் எச்சிலைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். டப்பாவை வைத்துக்கொண்டு நின்றேன். லேபில் திருப்பி அனுப்புவார்கள். எனக்கோ நெஞ்சு நிறையச் சளி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேறு டப்பாவில் இருமி, அவர் நம்பரை ஒட்டினேன். நல்லதாக முடிவு வந்தால் எனக்கும் நிம்மதி, அவருக்கும் வேலை முடிந்தது. கெட்டதாக வந்தால் என்று யோசிக்கவே இல்லை. யோசித்தேன், ஆனால் வராது என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

லேபுக்குப் போகும் டப்பாக்களைச் சரிபார்க்கிற நர்ஸ் பிலோமினா சிஸ்டர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அவர் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் அல்ல. "பரவாயில்லையே வசந்தா! இன்னைக்கு ஒண்ணுகூட எச்சில் இல்ல."

கன்னியப்பனின் கார்டு

நாற்பத்திரண்டில் கிருமி இருந்தது. கன்னியப்பனின் சிகிச்சைக் கார்டில் அப்படியே ஏறிவிட்டது. கன்னியப்பனைக் கூப்பிட்டு, மருந்து கேட்கவில்லை, முதலிலிருந்து ஊசி ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். வேலைக்கு லாயக்கு என்ற சான்றிதழோடு திங்கட்கிழமை வரச்சொல்லி எஸ்டேட்டில் சொல்லியிருந்தார்களாம். அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நான் சாட்சி சொல்வேன் என்று நம்பி வந்தார். "ஒரு நாள்கூட மாத்திர உட்டதில்லக்கா. நீதான வந்து வந்து எண்ணிக்கினு போன. நீயாவது சொல்லேன்!"

மூன்று இடத்தில் சொன்னது

ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மாவின் அறைக் கதவு வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, எத்தனை வாரமாக இருமல் என்று மட்டும் கேட்டார். பிறகு சொன்னார்: "இந்த ஒரு டப்பாவை நம்பி, நல்ல மருந்தைக் கெட்ட மருந்துன்னு எழுதியிருப்போம். எத்தனை பேர் தலையில விடிஞ்சிருக்கும் தெரியுமா?"

கன்னியப்பனை மறுபடி சோதித்தார்கள். கிருமி இல்லை. சான்றிதழும் கிடைத்தது. டப்பா வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். திருமுல்லைவாயிலுக்கு நானே போய் என் நோயைச் சொன்னேன். தண்ணீர் கொடுத்த டம்ளரை அந்தம்மா என் கண்ணெதிரே வெளியில் வைத்தார். அந்த இடம் நின்றுபோனது. மகளுக்கு வேறு இடம் அமைய இரண்டு வருஷம் ஆயிற்று.

கன்னியப்பனிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னேன். சான்றிதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "உன்ன அறையணும் போல கீதுக்கா. மொதல்ல நீ போயி ஊசி போட்டுக்க. அப்பால பாத்துக்கலாம்."

மாத்திரை சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று சொல்ல எத்தனை வழி உண்டு என்பது, வீடு வீடாகப் போய் எண்ணிய எனக்குத் தெரியாதா என்ன. அதனால் என் மாத்திரை அத்தனையையும் அதற்கப்புறம் என் பேச்சில் ஒரு சொல்லைக்கூட நம்பாத பிலோமினா சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, தினமும் காலையில் அவர் எதிரே விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தேன்.