மேசையில் வார்த்த துறைமுகம்

என் கணவருடைய கண்ணுக்குள் அமுக்கம் கூடிவிட்டது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற ஒழுங்காக மருந்து விடுங்கள் என்று கண் வைத்தியர் சொன்னார். நேரே பார்த்தால் என் மூக்குத்திக் கல்கூட அவருக்குத் தெரியும். பக்கத்தில் வந்து நிற்கிற ஆட்டோ தெரியாது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தனியாக வள்ளம் ஓட்டுவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அன்று தொடங்கிய சண்டை எங்கள் வீட்டில் நிற்கவே இல்லை.

அவர் வள்ளத்தை உள்துறைமுகத்தில் கட்டுகிறவர். அங்கிருந்து தீவுகளுக்கு நடுவால் வளைந்து, துறைமுக வாயைத் தாண்டி, கொட்டியாரக் குடாவில் வலை விடுவார். முன்பு ஒரு கூட்டாளியும் கூடப் போவார். அந்த மனிதர் முதலில் இடுப்பு வலி என்றார், பிறகு மகளின் கலியாண வேலை என்றார், அதன் பிறகு சாட்டுச் சொல்லவும் வீட்டுப்பக்கம் வரவில்லை. மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஒருநாள் வள்ளத்தின் வலப்பக்கத்தில் நீளமாக ஒரு நீலக் கீறல் கிடந்தது. எங்கள் வள்ளம் முழு வெள்ளை.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"கட்டிக்கிடந்த வள்ளம் ஒண்டு காத்துக்கு உரசினது."

கட்டிக்கிடந்த வள்ளம் உரசினால் இத்தனை நீளத்துக்கு இழுபடுமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தால் வாய் கட்டிவிடும். மற்ற நேரங்களில் அது சும்மா இருக்காது.

மாரி வந்தது, கடல் கொந்தளித்தது, வள்ளம் கரையேறியது. எனக்கு அது நிம்மதியான காலம். அவருக்கோ சிறை. வீட்டுக்குள் நடந்து நடந்து கதிரைகளில் முட்டினார். மழை விட்டதும் போவேன் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார்.

"கதிரை தெரியேல்லை, கடல் தெரியப்போகுதோ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கதிரையை நீ இடம் மாத்தி மாத்தி வைக்கிறாய். துறைமுகத்தை ஆர் மாத்தினது? நான் கண்ணை மூடிக்கொண்டும் போவன்."

"அப்ப மூடிக் காட்டுங்கோ. துறைமுகத்தை மேசையில நான் வார்த்துத் தாறன்."

"வார். ஒரு கல்லில என்ர விரல் முட்டினாலும் எஞ்சினைப் பூட்டித் திறப்பை உன்ர கையில தாறன்."

"முட்டாட்டி?"

"முட்டாட்டி நீ வாய் திறக்கக்கூடாது."

நான் சும்மா வீறாப்புக்குச் சொல்லவில்லை. டவுனில் ஒரு பல் வைத்தியரிடம், பல் கட்டுவதற்கு வாய் அச்சு வார்ப்பதுதான் என் வேலை. மாவும் தண்ணீரும் என் கைக்குப் பழக்கம். பல்லை வார்க்கிற கைக்கு ஒரு தீவை வார்க்க ஏலாதா என்ன?

போனில் இருந்த வரைபடத்தைப் பெரிதாக்கி அச்செடுத்தேன். ஒரு பெரிய தட்டத்தில் களிமண்ணைப் பரப்பிக் கரையையும் தீவுகளையும் பிடித்தேன். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கற்களை வரைபடம் காட்டாது. அவற்றைக் கேட்க அந்தக் கூட்டாளியின் வீட்டுக்கே போனேன். மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு கல்லாகச் சொன்னார். ஏன் இவரோடு போவதை விட்டீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. களிமண் விரலுக்கு அமுங்கிவிடும் என்பதால் அதன்மேல் இறப்பர் ஊற்றி அச்செடுத்தேன். இனி அந்த அச்சுக்குள் எதை வார்ப்பது என்பதுதான் யோசனை.

பல் வைத்தியரிடம் இரண்டு வகை மா இருந்தது. ஒன்று வெள்ளைப் பிளாஸ்ரர். மென்மையானது, தண்ணீர் நிறையக் குடிக்கும், நகம் பட்டாலும் கீறுப்படும். மற்றது மஞ்சள். கல்லுமா என்று சொல்வோம். கொஞ்சத் தண்ணீரில் குழைந்து கல்லாகவே இறுகிவிடும். முதல் தரம் வெள்ளையே போதும் என்று எடுத்து வந்தேன். வேலையிடத்தில் எப்போதும் வடிகட்டிய தண்ணீர்தான். வீட்டில் கை தன்பாட்டில் கிணற்று வாளிக்குப் போய்விட்டது. எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணிகூடப் போடமாட்டோம், மாவுக்கு மட்டும் ஒத்துவருமா? உப்புச் சேர்ந்தால் மா அவசரமாக இறுகிவிடும். ஊற்றி முடிக்கும் முன்னரே கலவை கோப்பைக்குள் கட்டிபட்டது. மிச்சத்தை அள்ளி அப்பினேன். காய்ந்த பிறகு கடலோரச் சுவரைப்போல மேலெல்லாம் உப்புப் பூத்தது.

அவர் வந்து ஒரு தீவைத் தடவினார். விரலில் வெள்ளை மா ஒட்டியது. துறைமுக வாயருகில் ஒரு கல் அவர் விரலோடேயே உதிர்ந்து போனது.

"கல்லெல்லாம் கரையுதே, மனுசி. இந்தக் கடலில நான் எப்பிடித் தோக்கிறது?" என்று சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகவே பந்தயத்தை விட்டுவிடலாமா என்று தோன்றியது. மழை குறையத் தொடங்கியிருந்தபடியால் விடமுடியவில்லை.

இரண்டாம் தரம் மஞ்சள் மாவையும் குடிக்கிற தண்ணீரையும் எடுத்தேன். தண்ணீரைக் கோப்பையில் விட்டு, அதன்மேல் மாவை மெல்ல மெல்லத் தூவினேன். மாவின்மேல் தண்ணீரை விட்டால் நடுவில் காய்ந்த கட்டி நின்றுவிடும். தூவிய மா தானாக ஊறும்வரை கை வைக்கக்கூடாது. பொறுமை இல்லாத எனக்கு இந்த ஒரு காரியத்தில் மட்டும் பொறுமை உண்டு. ஊறியதும் கோப்பையின் ஓரத்தோடு அகப்பையை அழுத்திக் கிண்டினேன். அடித்துக் கிண்டினால் காற்றுப் புகும். பிறகு கோப்பையை மேசையில் தட்டத் தட்டக் குமிழிகள் மேலே வந்து உடைந்தன. அச்சின் ஒரு மூலையில் ஊற்றி, அது தானாக வழிந்து போய்த் தீவுகளை நிரப்ப விட்டேன். கொஞ்ச நேரத்தில் வார்ப்புச் சூடேறியது. இறுகும்போது அப்படித்தான் சுடும்.

அவர் குசினிக்குள் வந்து அதில் உள்ளங்கையை வைத்தார். "காய்ச்சல்காரப் பிள்ளையின்ர நெத்தி மாதிரிக் கிடக்கு," என்றார். கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார். கடலைத் தொட்டு அவருக்கு இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

இறுகியதும் இறப்பரை உரித்தேன். கரை, தீவு, கல் எல்லாம் நறுக்குத் தெறித்தாற்போல வந்திருந்தன. விளிம்பில் வழிந்து இறுகிய மெல்லிய துண்டுகளை உடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துடைத்தபோதுதான் அதைக் கண்டேன். துறைமுக வாயின் நடுவில், வள்ளம் போகிற பாதையில், மிளகு அளவில் ஒரு புடைப்பு. இறப்பரில் ஒரு காற்றுக்குமிழி இருந்திருக்கிறது. அதற்குள் மா போய் இறுகிவிட்டது. வெள்ளையில் அவர் விரலோடு உதிர்ந்ததும் இதுதான். மஞ்சளில் உதிராது.

அதை அப்படியே விட்டால் போதும். விரல் முட்டும், திறப்பு என் கைக்கு வரும், என் மனிதன் உயிரோடு வீட்டில் இருப்பார். ஒருவருக்கும் தெரியாது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையின் முன் இருந்தேன். கடவுளே, எனக்கு அவர் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆனால் முப்பது வருடம் கடலில் போனவர், இல்லாத கல்லில் முட்டித் தோற்றேன் என்று சாகும்வரை நினைத்துக்கொண்டு இருப்பாரே. அழுது அழுது அந்தப் புடைப்பைச் சீவி எடுத்தேன்.

அன்று மாலை அவர் கண்ணைத் துவாயால் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். அவர் சுட்டுவிரலைப் பிடித்து வார்ப்பில் இறங்குதுறை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். விரல் புறப்பட்டது. முதல் தீவை ஒட்டி வளைந்தது, அடுத்த கல்லுக்கு முன்னமே விலகியது, துறைமுக வாயை நேராகக் கடந்து குடாவில் போய் நின்றது. ஒரு கல்லிலும் முட்டவில்லை. எனக்கு ஒரு பக்கம் பெருமை, மறுபக்கம் இனி இவரைத் தடுக்க ஏலாதே என்ற நினைப்பு.

"இனி வாய் திறக்கக்கூடாது," என்றார் துவாயை அவிழ்க்காமலே.

"திரும்பி வரவேணுமே. போன ஆள் வீட்டை வாறேல்லையோ?"

"திரும்பியும் வாறன்."

விரல் குடாவிலிருந்து திரும்பியது. எனக்கு ஆத்திரமா பயமா என்று இப்போதும் தெரியாது. சட்டைப் பைக்குள் கையை விட்டேன். விளிம்பில் உடைத்த துண்டொன்று, நீளமாக, ஒரு பக்கம் கூராக அகப்பட்டது. அதைத் துறைமுக வாயில் வைத்தேன். விரல் நேரே வந்து அதில் முட்டியது.

"இது என்ன? இதில கல்லில்லையே!"

"கல்லில்லை," என்றேன். "அந்த நீல வள்ளம்."

விரல் அந்தத் துண்டின் மேலேயே இருந்தது. நான் ஏமாற்றிவிட்டேன் என்று கத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"அதில ஆள் இருந்தது," என்றார் கடைசியில். "கட்டிக்கிடக்கேல்லை. அவன் கத்தினவன். கத்தின பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது."

துவாயை அவிழ்த்தபோது அது நனைந்திருந்தது. எழுந்து போய் எஞ்சின் திறப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தார். நான் வென்றேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன். இருவரும் குடிக்கவில்லை.

மழை விட்டது. மற்றவர்களின் வள்ளங்கள் இறங்கின. அவர் விடியற்காலைகளில் அந்த வார்ப்பின் முன் இருக்கப் பழகினார். அந்தத் துண்டை ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் வைக்கச் சொல்வார். கண்ணைக் கட்டிக்கொண்டு விரலை மெல்ல மெல்ல நகர்த்தி அது எங்கே என்று தேடுவார். எதிர்பாராத இடத்தில் அதில் முட்டிவிட்டால் அன்றைக்கு அதிகம் கதைக்க மாட்டார். ஒருநாள் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, நான் ஒன்றும் வைக்காமல் விட்டேன். இறங்குதுறையிலிருந்து மூதூர்ப் பக்கம்வரை முழுக்கத் தடவினார். பிறகு இன்னொரு முறை தடவினார்.

"நீல வள்ளத்து ஆள் எங்க?" என்று கேட்டார்.

"இண்டைக்கு வைக்கேல்லை. இண்டைக்காவது நிம்மதியாப் போயிட்டு வாங்கோ."

"வை," என்றார். "நான் போகேல்லை எண்டதுக்காண்டி அவன் தொழிலுக்குப் போகாம இருப்பானோ?"