ஹாஸ்டலுக்குப் போன துப்பாக்கி

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்றால் எங்கள் தெருவில் ஒரே ஒருவர், என் மாமா.

மாமா என்றால் அத்தையின் கணவர். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டுக் குன்னத்தில் எங்கள் எதிர்வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார். ஒரு வருடமாக வேலை இல்லை. பெரம்பலூரில் ஒரு வங்கிக்குக் காவலாளி தேவை, சொந்தத் துப்பாக்கி இருந்தால் தேர்தல் முடிந்ததும் வந்து காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் துபாய் என்று பேச்சு. அத்தை அந்த ஊரின் பெயரை அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஒப்படைக்கும் நாள் காலையில் மாமா சாக்கை விரித்துத் துப்பாக்கியைக் கழற்றி வைத்தார். நீளக் கம்பியில் துணி சுற்றிக் குழாய்க்குள் விட்டு விட்டு இழுத்தார். பிறகு எண்ணெய். அதற்குப் பிறகு ஒரு டப்பாவிலிருந்து பழுப்பு நிறக் கிரீஸை எடுத்துக் குழாயின் உள்ளும் புறமும் அப்பினார். மெழுகுத்தாளில் சுற்றி வைத்துவிட்டு, "ரெண்டு மாசம் ஹாஸ்டலுக்குப் போறான் பாப்பா நம்ம பய" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சாக்கைத் தைக்கச் சணல் வாங்கக் கடைக்குப் போனார்.

அத்தைக்கும் மாமாவுக்கும் குழந்தைகள் இல்லை. ஆகவே அந்தப் பயலை ஹாஸ்டலுக்கு அனுப்பும் முறை அவர்களுக்குத் தெரியாது என்று நான் முடிவு செய்தேன். என் அண்ணன் ஜெயங்கொண்டம் ஹாஸ்டலுக்குப் போனபோது அம்மா அவனை இப்படியா அனுப்பினாள்? தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் போட்டல்லவா அனுப்பினாள்! நான் தாளைப் பிரித்தேன். ஈரத் துணியில் சோப்பைத் தேய்த்து, குழாயின் மேலிருந்த கிரீஸை வழித்து வழித்துத் துடைத்தேன். கருநீலமாகப் பளபளத்தது. கொஞ்சம் பவுடரும் போட்டேன். பிறகு தாளை முன்பிருந்த மடிப்பிலேயே சுற்றி வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன்.

மாமா வந்தார், சாக்கைத் தைத்தார், கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்டேஷனில் அடிக்கட்டைப் பக்கம் மட்டும் பிரித்து, துப்பாக்கியின் நம்பரைப் பார்த்துக்கொண்டார்களாம்.

அன்று சாயங்காலம் அத்தை கேட்டாள்: "ஏங்க, மழைக்காலமாச்சே, துருப்புடிச்சிடாது?"

"கிரீஸ் இருக்கறவரைக்கும் ஒண்ணும் ஆவாது. அது மட்டும் இல்லைன்னா வச்சுக்க, வெறும் கை பட்டாலே போதும். வேர்வை உப்பு இரும்பைத் தின்னுப்புடும்."

என் வாயிலிருந்த முறுக்கு அப்படியே நின்றது.

அந்த இரண்டு மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை வேண்டாம் என்று பிள்ளையாரிடம் தினமும் கேட்டவள் நான் ஒருத்திதான். பிள்ளையார் ஊர்ப் பக்கம் சாய்ந்துவிட்டார். அந்த வருடம் நல்ல மழை. அப்பா சந்தோஷமாகக் குடை வாங்கி வந்தார். நான் அழுதேன். குடையின் நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தது. மாமா சாக்கைப் பிரித்தபோது நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாயெங்கும் செம்மண் தூவியதுபோலத் துரு. நடுவில் வரிசையாக நான்கு தடங்கள், ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு.

மாமா அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றின் மேல் தன் விரலை வைத்தார். தடம் முழுவதும் விரலுக்கு அடியில் மறைந்துபோனது. தலையை நிமிர்த்தி என் கைகளைப் பார்த்தார். நான் அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஐயோ, என்னங்க இது! இதை எப்படிங்க பேங்க்ல காட்டுறது?" என்று அத்தை கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

"வெளிப்பக்கம் கிரீஸ் போட மறந்துட்டேன் போலருக்குடி" என்றார் மாமா. "பாப்பா, அந்த மண்ணெண்ணெய் கேனை எடுத்தா."

எனக்கு மூச்சு வந்தது. போட்டதையே மாமா மறந்துவிட்டாரே! பிள்ளையார் மழை விஷயத்தில் கைவிட்டாலும் இதில் கைவிடவில்லை.

மூன்று நாள் மாமா துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தார், எண்ணெய் பூசி ஊறவிட்டார், மறுபடி தேய்த்தார். துரு போய்விட்டது. அது தின்ற இடங்கள் மட்டும் வெளிறிய புள்ளிகளாக நின்றன.

வங்கிக்குப் போன அன்று அத்தை என்னையும் துணைக்கு அழைத்துப்போனாள். மேலாளர் அறைக் கதவு திறந்தே இருந்தது. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு வெளியே தடவினார்.

"என்னங்க இது புள்ளி புள்ளியா?"

"என் தப்பு சார். ஸ்டேஷன்ல குடுக்கறப்ப கிரீஸ் போட மறந்துட்டேன்."

"மிலிட்டரிக்காரர் மறக்கலாமா?"

"மறக்கக் கூடாது சார்" என்றார் மாமா. அவர் அவ்வளவு விறைப்பாக நின்று நான் பார்த்ததில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் அத்தை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி இன்னொரு முறை குழாய்க்குள் பார்த்தார். அங்கே என் விரல் நுழைந்திருக்கவில்லை. மாமா அப்பிய கிரீஸ் அப்படியே இருந்து அதைக் காப்பாற்றியிருந்தது.

"உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. தப்பை ஒத்துக்கிறீங்க, அதுவும் நல்லதுதான். ஒண்ணாந்தேதி வந்துடுங்க. இனிமே மறக்காதீங்க."

பஸ் ஸ்டாண்டில் அத்தை எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தாள். துபாய் என்ற சொல் அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேட்கவில்லை.

எனக்கோ மாமாவின் மறதி பெரிய கவலையாகிவிட்டது. இவ்வளவு மறதி உள்ளவரை வேலையில் வைத்துக்கொள்வார்களா? ஒண்ணாந்தேதியிலிருந்து தினமும் காலையில் எதிர்வீட்டு வாசலுக்கு ஓடினேன்.

"மாமா, சாவி எடுத்துக்கிட்டீங்களா?"

"அட, நல்லவேளை சொன்னே பாப்பா!" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாவியைத் தேட உள்ளே போவார். போகும்போது அவருடைய சட்டைப்பையில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும், அவர் வந்து சாவியைத் தூக்கிக் காட்டும்வரை கவலையோடுதான் வாசலில் நிற்பேன்.