செக்-இன் ஆயிடுச்சி

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மூன்று மாடி லாட்ஜ் இருக்கிறது. அதன் வரவேற்பு மேஜையில் இருபத்து நான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார் ராஜவேலு. பெயர்தான் வரவேற்பு. அவர் யாரையும் வரவேற்று ஒருத்தரும் பார்த்ததில்லை. "ஆதார் குடுங்க, கையெழுத்து போடுங்க, ரூம்ல அடுப்பு பத்த வெக்கக் கூடாது" என்று மூன்றே வாக்கியம். ஆந்திராக்காரர்கள் வந்தால் அதே மூன்றும் தெலுங்கில். அறையில் அது இல்லை இது இல்லை என்று குறை சொன்னால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். சொன்னவர் சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவார்.

செக்-இன் என்பது ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அவர் வாயில் வருகிற சொல். அந்த லாட்ஜில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பதிவேட்டில் கையெழுத்து விழுந்துவிட்டால் அறை அந்த ஆளுடையது. மலைக்குப் போய் எந்நேரம் திரும்பினாலும் சரி, நடுவில் சினிமாவுக்குப் போனாலும் சரி, அறையை எவனாலும் பிடுங்க முடியாது. பெட்டி படுக்கை இருந்தால் மேஜைக்குப் பின்னால் இருக்கிற மூலையில் எந்த நேரத்திலும் போட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போகலாம். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் பெட்டிகூடக் காணாமல் போனதில்லை. மனிதருக்கு அதில் கொள்ளைப் பெருமை. நியாயமான பெருமைதான், அதை நாம் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அவரிடம் வேறொரு கோளாறு இருந்தது. தெரியாது என்று சொல்ல அந்த வாய்க்கு வரவே வராது. திருப்பதி பேருந்து எப்போது, ரேஷன் கார்டில் பெயர் எப்படிச் சேர்ப்பது, முட்டிவலிக்கு எந்தத் தைலம், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்.

உதயா அவருடைய ஒரே மகள். நர்சிங் படித்தவள். சென்னையில் ஒரு மருத்துவமனையில் நாலு வருஷம் ஓடியாடி வேலை செய்தாள். விடுமுறை நாளில்கூட ஊருக்கு வராமல் விடுதியிலேயே உட்கார்ந்து ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தாள். இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினாள். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. விசா ஜூலை மாதக் கடைசியில் கைக்கு வந்தபோது அதில் ஒரு தேதி இருந்தது. ஆகஸ்ட் பதினேழுக்குள் அந்த நாட்டில் போய் இறங்கிவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் விசா செல்லாது. மறுபடி முதலிலிருந்து எழுதிப் போட வேண்டும், அதுவரை அந்த இல்லம் காத்திருக்காது.

வந்த மறுநாளே கிளம்பியிருக்கலாம். அவள் அம்மா மணியம்மை விட்டால்தானே!

"ஆடி மாசத்துல பொண்ண கடல் தாண்டி அனுப்புறதா? ஊர்ல எவளாவது செய்வாளா? ஆவணி பொறக்கட்டும்" என்று ஒரே பிடிவாதம். ராஜவேலுவும் பெண்டாட்டி பக்கம் தலையாட்டினார். ஆடி முடிவது ஆகஸ்ட் பதினாறு. விசா முடிவது பதினேழு. ஆடியும் விசாவும் சேர்ந்து உதயாவுக்கு ஒரே ஒரு நாளைத்தான் மிச்சம் வைத்தன. அந்த நாளில் காலை பதினொன்று நாற்பதுக்கு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, அபுதாபியில் இறங்கி வேறு விமானம் மாறினால் இரவு ஒன்பதுக்கு அயர்லாந்தில் டப்ளின். அந்த ஒரு விமானத்தை விட்டால் அன்றைக்குள் போய்ச் சேர வேறு வழியே கிடையாது. டிக்கெட் போட்ட அன்றைக்கே உதயா இதை இரண்டு பேருக்கும் விரல்விட்டுச் சொல்லியிருந்தாள்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை பதினாறாம் தேதியே வந்தது. ஊர் தாங்காத கூட்டம். லாட்ஜில் வராண்டாவைக்கூட வாடகைக்கு விட்டிருந்தார் முதலாளி ராஜமாணிக்கம். ராஜவேலு இரண்டு நாளாக வீட்டுக்கே வரவில்லை. அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு உதயா லாட்ஜுக்குப் போனாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நைனா, செக்-இன் ஆயிடுச்சி! போன்லயே பண்ணிட்டேன். ஜன்னல் சீட்டு, முப்பத்தி ரெண்டு ஏ."

"ஆயிடுச்சா? அப்புறம் இன்னா? சீட்டு உனுது. எவனும் தொட முடியாது."

"ஆனா மூணு மணி நேரம் முன்னாடியே அங்க இருக்கணும்னு வேலை வாங்கிக் குடுத்த ஏஜென்சில சொன்னாங்க. அஞ்சரைக்கெல்லாம் கெளம்பிடலாம் நைனா."

"அது செக்-இன் பண்ணாதவங்களுக்கு சொல்றது. அவங்கதான் போயி வரிசைல நிக்கணும். உனக்கு இன்னாத்துக்கு அவசரம்?"

"பேக் டிராப்னு ஒண்ணு கீது. பெட்டிய குடுக்கணும்."

ராஜவேலு சிரித்தே விட்டார். "பெட்டிய குடுக்குறதுக்கு இன்னா நேரம் காலம்? வெச்சிட்டு டோக்கன் வாங்கினு போற வேலை. இருவத்தி நாலு வருஷமா நான் இத்தத்தான் பண்ணிக்கினு கீறேன். எனக்கே சொல்லித் தர்றியா நீ? ஏழரைக்கு வண்டி எடுத்தா பத்துக்கு அங்க."

உதயா விமானம் ஏறினவள் இல்லை. அவரும் ஏறினவர் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன தோரணையில் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எத்தனை ஊர் ஆட்களைப் பார்க்கிறவர், நைனாவுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு காலிக் கேரியரோடு வீட்டுக்குப் போனாள். அவர் வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. கிருத்திகைக்கு மறுநாள் விடியற்காலையில் எல்லா அறையும் காலியாகும். ஏழு மணிக்கு முன்னால் விடுப்புக் கேட்டால் ராஜமாணிக்கம் நாலு பேர் முன்னால் கத்துவார். பெற்ற பெண் சீமைக்குப் போகிறாள், அதற்காக ஒரு நாள் திட்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும்? அந்தத் தைரியம் மனிதருக்கு இல்லை.

மறுநாள் ஏழரை எட்டாகித்தான் பக்கத்து வீட்டு வேணுவின் கார் கிளம்பியது. காவடி எடுக்க வந்த வேன்களும் பேருந்துகளும் ஊருக்குத் திரும்புகிற நேரம். கனகம்மாசத்திரம் வரை வண்டி ஊர்ந்தது. உதயா பின் இருக்கையில் போனில் மணியைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தாள். "இன்னும் எவ்ளோ தூரம் வேணு அண்ணா?" என்று பூந்தமல்லிக்குள் ஆறு தடவை கேட்டுவிட்டாள்.

"செக்-இன் ஆயிடுச்சி இல்ல, கம்முனு வா கண்ணு" என்றார் ராஜவேலு முன் இருக்கையிலிருந்து.

விமான நிலைய வாசலில் வண்டி நின்றபோது மணி பத்து முப்பத்தெட்டு. டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். மணியம்மை மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வாசலில் ஒரு வரிசை. உதயா இரண்டு பெரிய பெட்டியும் வைத்த தள்ளுவண்டியோடு உள்ளே மறைந்தபோது ராஜவேலு கண்ணாடிக் கதவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். பெருமையில் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. மணியம்மைக்குத் தலை சுற்றுகிறது என்று வேணு அவளை டீ வாங்கித் தரக் கூட்டிக்கொண்டு போனான்.

பத்து ஐம்பத்து மூன்றுக்குப் போன் அடித்தது.

"நைனா, பெட்டி வாங்க மாட்டேன்றாங்க. பத்து நாப்பதோட நிறுத்திட்டாங்களாம். நடுவுல வேற விமானம் மாத்தி டப்ளின் வரைக்கும் பெட்டி போவணும், இனிமே ஏத்த முடியாதுன்றாங்க."

"செக்-இன் ஆயிடுச்சின்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். அது சீட்டுக்குத்தானாம், பெட்டிக்கு இல்லியாம். நைனா, கேளு, பெட்டி வாங்குற கவுண்டர்ல ஒரு அக்கா நல்லவங்களா கீறாங்க. பெட்டி இல்லாம கைப்பையோட வந்தா பாஸ்போர்ட், விசா பாத்து உள்ள அனுப்புறேன்றாங்க. அஞ்சு நிமிஷம்தான் டைம். பெட்டிய வாசல்ல உன்கிட்ட தள்ளிட்டு ஓடிடட்டா?"

இந்த இடத்தில் அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஓடு. அவ்வளவுதான். பாவி மனுஷன், அதைச் சொல்லவில்லை.

"பெட்டி இல்லாம போயி அங்க இன்னாத்த கட்டுவ? குளுருக்கு வாங்கின துணி எல்லாம் அதுலதான கீது? சர்டிபிகேட்டு?"

"சர்டிபிகேட் எல்லாம் கைப்பைல கீது நைனா. துணி போனா போவுது."

"அதெல்லாம் விடாத. நாம எளப்பமா போயிட்டா ஏறி மிதிப்பாங்க. ஒரு தரம் செக்-இன் போட்டுட்டு இல்லன்னு சொல்ல எவனுக்கும் உரிமை கெடையாது. மேனேஜரைக் கூப்புடு. சத்தம் போட்டு கேளு, தானா வழிக்கு வருவாங்க."

"நைனா, அஞ்சு நிமிஷம்தான்..."

"நான் சொல்றத கேப்பியா மாட்டியா!"

கேட்டாள். அதுதான் கொடுமை. இருபத்தாறு வயசுப் பெண், எத்தனையோ பேருக்கு உயிர் போகிற நேரத்தில் ஊசி போட்டவள், நைனா அதட்டினதும் போனை வைத்துவிட்டு மேனேஜரைத் தேடிப் போனாள். மேனேஜர் வந்தார், பொறுமையாகக் கேட்டார், விதியைச் சொன்னார். அவள் மறுபடி அந்த அக்காவிடம் ஓடியபோது மணி பதினொன்று பத்து. பெட்டியை விட்டுவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "நேரம் போயிடுச்சேம்மா, அப்பவே வந்திருக்கக் கூடாதா?" என்றாள் அந்தப் பெண், அவளும் கலங்கிப்போய்.

பதினொன்றே முக்காலுக்கு உதயா தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். அவள் அழவில்லை. மணியம்மை கையிலிருந்த டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். "இன்னாடி? இன்னாடி ஆச்சு?"

"லேட்டாயிடுச்சி, கவுண்டர்ல பெட்டி வாங்க மாட்டேன்னுட்டாங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாக்கியத்துக்காக ராஜவேலு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது வரவில்லை. வண்டியில் ஊர் திரும்புகிற வரை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஏஜென்சிக்காரர்கள் கடிதம் எழுதிப் பார்த்தார்கள். இல்லத்திலிருந்து நாலாம் நாள் பதில் வந்தது. வருந்துகிறோம், அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று. சென்னை மருத்துவமனையிலும் அவள் இடம் நிரம்பியிருந்தது. இப்போது அரக்கோணத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு ரயிலில் போய் வருகிறாள். மறுபடி எழுதிப் போடேன் என்று கூடப் படித்தவள் ஒருத்தி சொன்னதற்கு, "எனக்குத் தெம்பு இல்லடி" என்றாள். குளிர்த் துணிகளைப் பெட்டியோடு யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

ராஜவேலு லாட்ஜுக்குப் போகிறார், வருகிறார். ஏன் அயர்லாந்து போகவில்லை என்று கேட்கிறவர்களிடம் உதயா, "விசால ஏதோ பிரச்சினை" என்று சொல்லிவிடுகிறாள். திருத்தணி முழுக்க அப்படித்தான் நம்புகிறது. அவள் அவரிடம் வேண்டியதை மட்டும் பேசுவாள். சாப்பாடு எடுத்து வைக்கட்டா, கதவைச் சாத்து, மாத்திரை போட்டியா. சண்டை போட்டாலாவது பரவாயில்லை என்று மனிதர் ஏங்குகிறார். கன்னத்தில் நாலு அறை விட்டால்கூட வாங்கிக்கொள்வார். அவள் குரலை உயர்த்துவதே இல்லை.

மணியம்மைக்கோ வீட்டுக்குள் ஒரு நாள் தவறாத வேலை, பெட்டி வாங்காத அந்தக் கவுண்டர் பெண்ணைச் சபிப்பது. தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீரை ஆய்ந்தபடியே ஆரம்பித்தாள். "அந்த கவுண்டர்காரி நல்லா இருப்பாளா? ரெண்டு பெட்டி, எடுத்து வெச்சா அவ கை முறிஞ்சா போயிடும்? எம்பொண்ணு வாழ்க்கைய கெடுத்தாளே, அவ வவுத்துல பொறந்தது வெளங்குமா?"

ராஜவேலுவுக்குப் பொறுக்கவில்லை. அந்த இடத்தில் தன் பெண்ணை ஏற்றிவிடப் பார்த்த ஒரே ஒருத்தி அவள்தான். அது அவருக்குத் தெரியும், உதயாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

"மணி" என்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அறைக்குள்ளிருந்து உதயா வந்தாள். "நைனா, கொஞ்சம் வெளிய வா."

சந்தில் இறங்கி, பைக் நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"போன்ல பேசினத அம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"ஆங். நெஞ்சுல வெச்சிக்கினு முடியலம்மா. அந்த பொண்ண போயி திட்டிக்கினு கீறா. நீயும் எனக்காக எல்லார்கிட்டயும் பொய் சொல்லிக்கினு... என்ன நாலு வார்த்த திட்டிடு கண்ணு."

உதயா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிப் பார்த்தாள்.

"சொல்லாத நைனா. சொன்னா அம்மா உன் மூஞ்சிலயே முழிக்காது. நான் உன்ன மன்னிக்கல. மன்னிப்பனான்னும் தெரியல. வூட்ல ஒருத்தராச்சும் உன் கூட நல்லா பேசிக்கினு இருக்கட்டும்."

அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வாசல்வரை வந்து மணியம்மை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இன்னாமோ சொல்லணும்னீங்களே?"

"ஒண்ணும் இல்ல" என்றார் ராஜவேலு.