நாற்பதாவது வண்டி

உஜ்ஜயினியிலிருந்து பருகச்சத் துறைமுகத்துக்குப் போகும் வணிகச்சாத்தில் நாற்பது வண்டிகள். கடைசி வண்டி கோமிலருடையது. யாருடைய பாட்டன் முதலில் சாத்தில் சேர்ந்தானோ, அவன் பேரன் முன்னால் போவான்; கோமிலரின் பாட்டன் கடைசியாக வந்து சேர்ந்தவர். மகத அரசர் சாலை போட்டார், மரம் வைத்தார், கிணறு வெட்டினார். புழுதியை மட்டும் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முப்பத்தொன்பது வண்டிப் புழுதியைப் பத்தொன்பது வருஷம் கோமிலர்தான் தின்றார்.

இருமல் நெஞ்சிலேயே குடியேறிவிட்டது. இருமி இருமி விலா நோகும். படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவார். "இன்னொரு தடவை பின்னால போனா உசுரோட திரும்பி வரமாட்டே" என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வேறு பிழைப்பும் தெரியாது, மனுஷன் என்னதான் செய்வார்?

முதல் வண்டிக்காரர் மாட்டை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும், கோமிலர் சாத்துத் தலைவர் பந்துலரிடம் போய் நின்றார்.

"ஐயா, அந்த இடத்தை எனக்குக் குடுங்க. மூச்சு விட முடியலைங்க."

பந்துலர் தாடியைச் சொறிந்தார். "மத்தவனுங்க என்னைப் பிச்சுத் தின்னுடுவானுங்க. சரி, இந்த ஒரு நடை போ. வண்டி நின்னுச்சுன்னா பழைய இடம்தான்."

புறப்படும் நாளில் நகர வாசலில் சங்கு ஊதினார்கள். கோமிலர் மாடுகளைத் தட்டினார். அசையவில்லை. வாலை முறுக்கினார், கெஞ்சினார், ம்ஹூம். நுகத்தில் பூட்டிய நாளிலிருந்து முன்வண்டியின் பின்பக்கத்தையே பார்த்து நடந்த மாடுகள் அவை. எதிரே வெறும் சாலை கிடந்தால் எங்கே போவதென்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் ஓட்டிய மனிதருக்கும் இது தோன்றவில்லை பாருங்கள்.

"என்ன கோமிலண்ணே, உங்க மாடு நல்ல நேரம் பாக்குதா?" என்றான் இரண்டாம் வண்டிச் சுமனன். சிரிப்பு கடைசி வண்டி வரைக்கும் போயிற்று. பந்துலர் குதிரையில் வந்து, "வண்டியை ஓரங்கட்டு" என்றார்.

கோமிலர் இறங்கினார். ஓரங்கட்டவில்லை. மூக்கணாங்கயிற்றைத் தளரவிட்டு, மாடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். அந்த முதுகைப் பார்த்து மாடுகள் கிளம்பின.

"எம்புட்டுத் தூரம்யா இப்படி நடப்பே?" என்றார் பந்துலர்.

"பருகச்சம் வரைக்குங்க."

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு?"

"இருக்கட்டுங்க."

இருபது நாள் நடந்தார். மலை இறக்கத்தில் கால்நகம் பெயர்ந்தது. வண்டி இருந்தும் நடக்கிற ஆளைச் சத்திரத்துக்குச் சத்திரம் வேடிக்கை பார்த்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பருகச்சத்தில் மூட்டைகளை இறக்கியதும், வீங்கிய காலோடு நர்மதைக் கரையில் நின்று மூச்சை அடிவயிறு வரை இழுத்தார். இருமல் வரும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார்.