கிரீஸுக்குள் இருந்த கட்டை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரே வேலையில் ஒரு வருஷம் தாண்டியது அபூர்வம். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, பட்டிப்பொலப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டம், நுவரெலியா மார்க்கெட்டில் மூட்டை தூக்கல் என்று சுற்றிவிட்டு, முப்பத்திரண்டாவது வயதில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிராக்டருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். தைப்பொங்கல் முடிந்த வாரம் அது. படுக்கத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதி அறை கிடைத்தது. மற்றப் பாதியில் கூரை ஒழுகியது.

டிராக்டர் ஓட்டியவர் என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். வேலை சொல்வது அவர். காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை டிரெய்லரில் ஏற்றி மேல்மலைக்குக் கொண்டுபோவோம். மாலையில் கொழுந்துச் சாக்குகளும் அவர்களுமாக தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு இறங்குவோம். முப்பது பேர் வரை நிற்பார்கள். பாதையில் ஒன்பது வளைவுகள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஓடை வரைக்கும் பள்ளம்.

நான் சேர்ந்த முதல் நாள் ஒரு லொறி ஸ்டோர் முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வழக்கம்போல் சுற்றித் திரும்ப இடமில்லை. டிரெய்லரைப் பின்னோக்கித்தான் மேட்டில் ஏற்ற வேண்டும். கொக்கிக்குப் பின்னால் ஒரு கட்டையை வைக்கும்படி தம்பி சீட்டில் இருந்தபடியே சொல்லி, இடத்தைக் கையால் காட்டினார். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டை ஒன்று கிடந்தது. கத்தியால் ஆப்பு மாதிரிச் சீவி, கொக்கித் தண்டுக்கும் அது நுழையும் குழாய்க்கும் நடுவில் அடித்து இறுக்கினேன். டிரெய்லர் சத்தமில்லாமல் பின்னால் ஏறியது. அதற்குப் பிறகு பின்னால் எடுக்க வேண்டிய தேவை வரவில்லை.

சனிக்கிழமைகளில் கிரீஸ் வைப்பது என் பொறுப்பு. எனக்குப் பிடித்த வேலை. கொக்கிக்கு, தண்டுக்கு, இரண்டு சக்கரங்களுக்கு. பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மேலே மேலே அப்பினேன். தண்டை மூடியிருந்த ரப்பர் உறை எப்போதோ கிழிந்து போயிருந்தது. கிரீஸே உறை மாதிரித் திரண்டு நின்றது.

மாசி, பங்குனியில் தம்பி சொல்லத் தொடங்கினார், வளைவில் டிரெய்லர் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கிறதென்று. பாதை மோசம் என்றோம். கொழுந்து கூடிவிட்டது என்றோம். இரும்பு காய்ந்திருக்கும் என்று நான் ஒரு முடிவுக்கு வந்து, சக்கரங்களுக்கும் கை வலிக்கும்வரை கிரீஸ் அடித்தேன்.

ஆடி மாத மழை. ஒரு நாள் மத்தியானம் கொக்கி நிப்பிளில் கிரீஸ் இறங்க மறுத்தது. அடைப்பை எடுக்கலாம் என்று பழைய கத்தியால் சுரண்டினேன். கறுப்புக் கட்டிகள் விழுந்தன. டீசல் துணியால் துடைத்தபோது மரம் தெரிந்தது. நான் சீவிய முனை. கத்தி வழுக்கிய தடம்கூட இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சுத்தியலால் தட்டி எடுத்து, டீ குடித்துக்கொண்டிருந்த தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தம்பி, நம்ம கட்ட இன்னும் இருக்கு பாருங்க."

"எந்தக் கட்ட?"

"மொத நாளு வைக்கச் சொன்னீங்களே."

அவர் டீக் கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். டிராக்டர் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து முட்டும். அந்த முட்டலில் தண்டு குழாய்க்குள் நழுவும், நழுவினால்தான் டிரெய்லரின் பிரேக் பிடிக்கும். பின்னால் எடுக்கும்போதும் தண்டு நழுவிச் சக்கரம் இறுகிவிடும் என்பதற்காகத்தான், அந்த ஐந்து நிமிஷத்துக்குக் கட்டை. இறங்கியதும் நான் எடுத்திருப்பேன் என்று அவர் நினைத்திருந்தார். அது அங்கேயே இருக்க வேண்டிய சாமான் என்று நான் நினைத்திருந்தேன்.

ஏழு மாதம். ஒரு நாளைக்கு ஒன்பது வளைவு.

சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் டிரம்முக்குள் என் கிரீஸ் வழிந்து லைனிங் முழுக்க ஊறியிருந்தது. மறுபக்கச் சக்கரத்தில் பிரேக் துரு ஏறி அசையவில்லை. கட்டையை எடுத்தும் பிரேக் பிடிக்காது. மேல்மலையில் பெண்கள் காத்திருந்தார்கள், மணி மூன்றரை.

தம்பி, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் போனார். கொழுந்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறேன், ஆட்களை ஏற்ற மாட்டேன் என்றார். ஐயா கெட்டவர் இல்லை. ஆனால் மழையில் முப்பது பேரை நடக்கவைத்தால் நாளைக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவருக்குத்தான் பேச்சு விழும்.

"இத்தன மாசம் இதுலதானே வந்தாங்க?" என்றார்.

"அது தெரியாம வந்ததுங்க ஐயா. இப்ப தெரியுது."

ஐயா மழையைப் பார்த்துவிட்டு, நடத்தியே கூட்டிவரச் சொன்னார்.

தம்பி முதல் கியரில் கால்வாசிச் சுமையோடு இறங்கினார். நான் பெண்களோடு நடந்தேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருத்தி, டிராக்டருக்குச் சளி பிடித்துவிட்டதா என்று கேட்டாள். இன்னொருத்தி, கிரீஸைத் தொட்டு நெஞ்சில் தடவிவிடச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சொல்லிவிட்டேன். கட்டையை வைத்தது நான் என்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

பிரசவ லீவு முடிந்து அந்த மாதம்தான் வேலைக்குத் திரும்பிய ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எந்த மாசத்துலேருந்துண்ணே?"

"தையிலேருந்து."

அவள் விரலை மடக்கினாள். "அப்ப எனக்கு ஏழு மாசம். வயித்த டிரெய்லர் முன்கம்பியில சாச்சுக்கிட்டுத்தான் வருவேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பேச வந்திருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் குழந்தை பாலுக்கு அழும் என்று சொல்லி, வேகமாக இறங்கிப் போய்விட்டாள்.

புது லைனிங் வந்து பூட்ட மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் காலை, பெண்கள் டிரெய்லரைச் சுற்றி நின்றார்கள். யாரும் ஏறவில்லை. "கட்டைய காட்டுங்கண்ணே" என்றது ஒரு குரல். அதைக் கயிற்றில் கட்டி டிராக்டர் மட்கார்டில் தொங்கவிட்டிருந்தேன். தூக்கிக் காட்டினேன். ஏறினார்கள். அதிலிருந்து தினமும் அதுதான் வழக்கம். மழையானாலும் நான் கட்டையைத் தூக்கிக் காட்டாமல் ஒரு கால்கூடப் படியில் ஏறாது. "இன்னைக்கு ரெண்டு கட்ட வச்சிருக்காரோ" என்று கிண்டலும் நடக்கும்.

அந்தத் தோட்டத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். வேறெங்கும் அவ்வளவு நாள் இருந்ததில்லை.

பிரசவ லீவு முடிந்து வந்த அந்தப் பெண் மட்டும் நடந்தே வந்தாள். முதல் சில வாரம் தம்பி அவள் பக்கத்தில் வேகத்தைக் குறைப்பார். நான் இருந்த நாள்வரை அவள் ஒருமுறையும் ஏறவில்லை. பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டால் மண்மேட்டுப் பக்கம் ஒதுங்கி, முதுகை மேட்டில் ஒட்டிக்கொண்டு நிற்பாள். நாங்கள் அடுத்த வளைவு திரும்பிய பிறகுதான் பாதைக்கு இறங்குவாள்.